பாம்புத் தரை

என் லாரியைத் திருப்பி அனுப்பிய ஒரே ஆள் என் அண்ணிதான்.

நான் காங்கிரீட் கலவை ஏற்றிப் போகும் மிக்ஸர் லாரி ஓட்டுகிறேன். முதுகில் உருளை சுற்றிக்கொண்டே இருக்கும் அந்த வண்டியை எங்கள் மலைப்பாதை வளைவுகளில் ஏற்றி இறக்குவது லேசுப்பட்ட வேலை இல்லை. பெரிய பெரிய ஒப்பந்தக்காரர்கள்கூட, பொம்பளை டிரைவர்தானே என்று பாராமல், நான் கொண்டுபோய்க் கொட்டுவதை வாயை மூடிக்கொண்டு வாங்கிக்கொள்வார்கள். எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும் என்பது ஊரறிந்த விஷயம். வேலை நடக்கும் இடங்களில் என் பெயரே பட்டாசு. அப்படிப்பட்ட என்னைப் பார்த்து, என் அண்ணனைக் கட்டிக்கொண்டு எங்கள் வீட்டுக்கு வந்தவள், அத்தனை பேருக்கு முன்னால், "இது வேணாம் பட்டாசு, திருப்பி எடுத்துட்டுப் போ" என்றாள்.

அன்றைக்கு அவளைக் கடித்துத் தின்றுவிடலாம் போல இருந்தது. இன்றைக்கு அவளைப் பற்றி யாராவது ஒரு வார்த்தை குறைத்துச் சொன்னால் நான் சும்மா விடுவதில்லை. இடையில் ஒரு குளிர்காலம் போனது, அவ்வளவுதான்.

அண்ணியின் தொழில் அச்சுக் காங்கிரீட். கலவையை ஊற்றிச் சமன் செய்து, அது இறுகுவதற்குள் ரப்பர் அச்சுப் பாய்களை மேலே பரப்பி, ஏறி நின்று, திமிசுக்கட்டையால் தட்டி எடுத்தால், பாறையை வெட்டிப் பதித்த மாதிரியே தரை வந்துவிடும். தொட்டுப் பார்த்தால்கூட நம்ப முடியாது. ஆனால் எங்கள் ஊர்க் குளிருக்கு அழகு தெரியாது. பகலில் உருகிய பனி தண்ணீராகி நைசாகத் தரைக்குள் இறங்கும். இருட்டியதும் உறைந்து பெருக்கும். பெருத்தது வெளியே வரும்போது தரையின் மேல்தோலையும் சேர்த்துப் பிய்த்துக்கொண்டு வரும். ஒரு குளிர்காலத்தில் இந்தக் கூத்து எத்தனையோ தடவை நடக்கும்.

பஸ் நிலையத்துக்கு முன்னால் வெளியூர்க்காரர்கள் யாரோ வந்து ஒரு அச்சுத் தரை போட்டார்கள். முதல் குளிருக்கே செதில் செதிலாக உரிந்தது. அடுத்த குளிருக்கு இன்னும் உரிந்தது. அதற்கு ஊர் வைத்த பெயர் பாம்புத் தரை. வருஷா வருஷம் சட்டையை உரிக்கிறதாம். அதற்குப் பிறகு அச்சுக் காங்கிரீட் என்று வாயைத் திறந்தாலே சிரித்தார்கள். வீட்டு வாசல், தோட்டத்துப் பாதை என்று அண்ணிக்குக் கிடைத்துக்கொண்டிருந்த சில்லறை வேலைகளும் நின்றுபோயின. சமவெளியில் ஒரு ஓட்டுத் தொழிற்சாலையில் அண்ணனுடைய நண்பன் மேற்பார்வையாளன். ரெண்டு பேருக்கும் வேலை இருக்கிறது, எப்போது வருகிறீர்கள் என்று அவன் போன் போட்டுக்கொண்டே இருந்தான்.

அந்த நேரத்தில்தான் கடைத்தெருவைப் புதுசாகப் போடுவது என்று நகராட்சி முடிவு செய்தது. வழக்கம்போலத் தாரே போதும் என்றார்கள் கடைக்காரர்கள். அண்ணி நேராகப் போய்ப் பொறியாளரைப் பார்த்தாள். அவர் எங்கே போனாலும் கையில் ஒரு சின்னச் சுத்தியலோடு போவார். தட்டிப் பார்க்காமல் எதையும் நம்ப மாட்டார். அதனால் அவர் பெயர் சுத்தியல் சார்.

"ஒரு துண்டு இடம் குடுங்க சார். ஒரு குளிர் தாங்குதான்னு பாருங்க. தாங்கலைன்னா நானே வந்து உடைச்சு அள்ளிக்கிட்டுப் போறேன்" என்றாள் அண்ணி.

"தாங்கலைன்னா இந்த ஊர்ல அச்சுத் தரைங்கற பேச்சே இனிமே கிடையாதும்மா" என்றார் அவர்.

"சரி சார்."

கடைத்தெருவின் வாசலில், செருப்புக்கடைக்கு முன்னால், சரிவாக இறங்கும் ஒரு துண்டைக் காட்டினார். வேண்டுமென்றே காட்டினார் என்று இன்றைக்கும் சொல்வேன். ஊரிலேயே தண்ணீர் அதிகம் ஓடும் இடம் அது.

வீட்டுக்கு வந்து அண்ணி விஷயத்தைச் சொன்னாள். குளிர் முடிந்து தரை முழுசாக நின்றால் கடைத்தெரு முழுக்க அவளுடையது. உரிந்தால் ரெண்டு பேரும் மூட்டையைக் கட்டிக்கொண்டு சமவெளிக்கு இறங்கிவிடுவார்கள். அண்ணன் என் முகத்தைப் பார்த்தான், நான் அம்மாவைப் பார்த்தேன். அம்மா பாத்திரம் துலக்குவதை நிறுத்தாமலே, "அழகா ஊத்தி வச்ச தரையில ஏறி மிதிச்சு நாசம் பண்றதுக்குப் பேரு தொழிலாம். போறவங்க போகட்டும்" என்றாள். அண்ணி வீட்டுக்கு வந்த நாளிலிருந்து அவளுடைய வேலையைப் பற்றி அம்மா ஒரு நல்ல வார்த்தை சொல்லி யாரும் கேட்டதில்லை. அண்ணியும் அதையெல்லாம் காதில் போட்டுக்கொண்டதில்லை.

கலவை ஊற்றிய நாளில்தான் என் லாரி திரும்பியது. நான் போய்ச் சேர்ந்தபோது தரையைத் தோண்டி, சரளை போட்டு இறுக்கி, ஓரப் பலகை அடித்து, எல்லாம் தயாராக இருந்தது. அண்ணி என் வண்டியிலிருந்து கொஞ்சம் கலவையை வாங்கினாள். குண்டான் போல ஒரு கருவி வைத்திருக்கிறாள். அதில் கலவையைப் போட்டு, இறுக்கி மூடி, பம்ப் அடித்து, மேலே இருக்கும் முள்ளைப் பார்த்தாள். அப்போதுதான் "திருப்பி எடுத்துட்டுப் போ" என்ற அந்த வார்த்தை வந்தது.

"ஏன்? என்ன குறை?" என்று கத்தினேன்.

"காத்து இல்லை."

"காங்கிரீட்டுல எதுக்கு அண்ணி காத்து? பலூனா ஊதப்போறீங்க?"

வேலையாட்கள் சிரித்தார்கள். அண்ணி சிரிக்கவில்லை. "பஸ்ஸுக்குள்ள நிக்க இடமில்லைன்னா என்ன ஆகும்? கதவைப் பிச்சுக்கிட்டு வெளிய விழுவாங்க. உறையற தண்ணியும் அப்படித்தான். உள்ள கண்ணுக்குத் தெரியாத குமிழி நிறைய இருந்தா, பெருக்கறப்ப அதுக்குள்ள ஒதுங்கிக்கும். அதுக்குத்தான் கலவையில ஒரு மருந்து ஊத்தச் சொல்லியிருந்தேன். உங்க ஆலையில ஊத்தலை."

"ஊத்தியிருப்பாங்க."

"முள்ளு சொல்லுது, ஊத்தலை."

மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொண்டு வண்டியைத் திருப்பினேன். வளைவுகளில் இறங்கும்போதெல்லாம் அவளைத்தான் கரித்துக்கொட்டிக்கொண்டு போனேன். ஆலையில் கேட்டால், மருந்து டப்பா காலியாகி மூன்றாவது நாளாம், ஒரு துண்டுத் தரைதானே, அதற்கு எதற்கு என்று விட்டுவிட்டார்களாம். எனக்கு வந்ததே கோபம்! அவள்மேல் வைத்திருந்ததையெல்லாம் அங்கே இறக்கிவிட்டேன். என் அண்ணியைத் திட்ட எனக்கு உரிமை உண்டு, ஏமாற்ற இவர்கள் யார்? கிடங்கைத் தலைகீழாகப் புரட்டிப் புது டப்பா எடுத்து, என் கண்ணெதிரே ஊற்ற வைத்து, திரும்ப ஏறினேன். அண்ணி மறுபடியும் குண்டானை எடுத்தாள். மறுபடியும் முள்ளைப் பார்த்தாள். "ம்" என்றாள். அந்த ஒரு "ம்"முக்கு என் உச்சி குளிர்ந்தது. அதை அவளிடம் காட்டிக்கொள்ளவில்லை.

வேறு சைட்டில் வேலை இல்லாததால் அன்றைக்கு அங்கேயே நின்றுவிட்டேன். அதற்கு முன்னால் அவள் வேலை செய்து நான் முழுசாகப் பார்த்ததில்லை. கொட்டிவிட்டுப் போகிறவளுக்குப் பிறகு நடப்பது எப்படித் தெரியும்?

ஊற்றிச் சமன் செய்து, சாய்வு பார்த்து, அப்புறம் காத்திருந்தாள். காத்திருப்பதுதான் அந்த வேலையில் கஷ்டம் போலிருக்கிறது. கொஞ்ச நேரத்துக்கு ஒரு தரம் மண்டியிட்டுக் கட்டை விரலால் அழுத்திப் பார்ப்பாள். சீக்கிரம் ஏறினால் கால் புதையும், தாமதித்தால் அச்சு விழாது. நடுவில் இருக்கும் அந்த வேளை அன்றன்றைய வெயிலையும் காற்றையும் பொறுத்தது. விரல் பதிந்து ஒட்டாமல் வந்த ஒரு நொடியில் எழுந்து, "வாங்க" என்றாள். கரும்பழுப்புப் பவுடரை வீசித் தூவினார்கள், அச்சு ஒட்டாமல் இருப்பதற்கும் நிறத்துக்கும். பாய்கள் விரிந்தன. அண்ணன் திமிசுக்கட்டையோடு ஏறினான்.

அண்ணி பாய்களை ஒரே திசையில் போடவில்லை. ஒன்றைத் திருப்பி, ஒன்றை நகர்த்தி, முதல் பாயில் இருக்கும் கல் அடுத்த பாயில் மறுபடி தலைகாட்டாதபடி மாற்றிக்கொண்டே போனாள். பாய் எட்டாத ஓரங்களில் சின்ன உளி போன்ற கருவியை வைத்துக்கொண்டு மண்டியிட்டு, கல்லின் விளிம்பைக் கையாலேயே இழுத்தாள். தரை வெடிக்காமல் இருக்கப் போடும் வெட்டுகளைக்கூடக் கல்லுக்கும் கல்லுக்கும் நடுவில் வரும் கோட்டோடு சேர்த்து மறைத்துவிட்டாள். நான் தேடிப் பார்த்தேன், தெரியவில்லை.

பாதி வேலையில் காற்று திரும்பியது. மேல் ஓரம் மளமளவென்று காய ஆரம்பித்தது. அண்ணன் பதறிப்போய் ஒரு வாளித் தண்ணீரைக் கொண்டுவந்து, துடைப்பத்தை முக்கித் தெளிக்கப் போனான். அண்ணி அந்தப் பக்கத்திலிருந்து ஓடி வந்து வாளியை ஒரே உதை. தண்ணீர் முழுக்கச் சாக்கடைக்குப் போனது.

"என்னடி இது!" என்றான் அண்ணன்.

"மேல தண்ணி தெளிச்சா இப்ப சுகமா அச்சு விழும். குளிர் வந்தா அந்தத் தோல்தான் முதல்ல போகும். பஸ் ஸ்டாண்டுல இதைத்தான் பண்ணியிருப்பாங்க. பிளாஸ்டிக்கைப் போட்டு மூடு. காத்து வர்ற பக்கத்துலேர்ந்து மிதிப்போம்."

கட்டின புருஷன் என்று பார்க்கவில்லை, வேடிக்கை பார்க்க நின்ற கடைத்தெருவையும் பார்க்கவில்லை. அண்ணன் முகம் சிவந்தது. ஆனால் மறுபேச்சுப் பேசாமல் பிளாஸ்டிக்கை விரித்தான். எனக்கு மட்டும் மனசுக்குள் ஒரே குஷி. இந்த வீட்டில் பட்டாசு நான் ஒருத்திதான் என்று இத்தனை நாள் நினைத்துக்கொண்டிருந்தேன்.

அதற்குப் பிறகு போர்வைகளைப் போட்டு மூடி, குழந்தையைப் பார்ப்பது போல அதைப் பார்த்துக்கொண்டாள். நன்றாக ஆறிய பிறகு, தண்ணீர் இறங்காமல் காக்கும் சீலர் அடித்தாள். செருப்புக்கடைக்காரர் வந்து குனிந்து பார்த்து உதட்டைப் பிதுக்கினார்.

"என்னம்மா, பளபளன்னே இல்லையே?"

"பளபளப்பு வேணும்னா கண்ணாடி வாங்கி மாட்டிக்குங்க அண்ணாச்சி. இது உள்ள இறங்கற சீலர். மேல படலம் கட்டினா அடியில தண்ணி மாட்டிக்கும்."

குளிர் தொடங்கும் முன் கடைக்காரர்கள் எல்லாரையும் கூப்பிட்டுச் சொன்னாள். பனியை இரும்பு மண்வெட்டியால் சுரண்டக் கூடாது, பிளாஸ்டிக் தள்ளுகட்டை இருக்கிறது. வழுக்கினால் மணல் தூவுங்கள். முதல் குளிரில் உப்பு மட்டும் கூடவே கூடாது. எங்கள் ஊரில் வாசற்படியில் பனி கட்டினால் உப்பை அள்ளி வீசுவது வழக்கம், சீக்கிரம் உருகிவிடும். ஆனால் உப்புத் தண்ணீர் புதுத் தரைக்குள் இறங்கினால் தோலைச் சுரண்டி எடுத்துவிடும் என்று தொண்டைத் தண்ணீர் வற்றச் சொன்னாள். அவர்களும் சரி சரி என்று தலையாட்டி, உப்பு மூட்டைகளை உள்ளே வைத்துவிட்டார்கள். ஊருக்கெல்லாம் சொன்னவள் வீட்டில் மட்டும் சொல்லவில்லை. எதற்குச் சொல்ல வேண்டும்? எனக்கும் அண்ணனுக்கும் தெரியும். அம்மாவோ அந்தத் தரைப் பக்கம் திரும்பிக்கூடப் பார்ப்பதில்லை. அப்படித்தான் நாங்கள் நினைத்துக்கொண்டிருந்தோம்.

அந்த வருஷம் குளிர் கொன்று எடுத்தது. உறைந்தது, உருகியது, மறுபடி உறைந்தது. ஊரே அந்தத் துண்டுத் தரையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தது. டீ குடிக்கிறவன் டம்ளரோடு வந்து காலால் தேய்த்துப் பார்ப்பான். "பாம்பு இன்னும் சட்டையைக் கழட்டலை போலிருக்கே" என்பான். அண்ணி ஒவ்வொரு நாளும் போய்ப் பார்த்துவிட்டு வந்து, "நல்லாத்தான் இருக்கு" என்பாள். அதைச் சொன்ன பிறகுதான் அவளுக்குச் சாப்பாடு இறங்கும்.

குளிர் முடியப் போகும் நேரம். ஒருநாள் விடியற்காலையில் ஆலைக்குக் கிளம்பிய நான், கடைத்தெரு வழியாகப் போனேன். கடைகள் எதுவும் திறக்கவில்லை. செருப்புக்கடைக்கு முன்னால் கம்பளியைத் தலையோடு போர்த்திக்கொண்டு ஒரு உருவம் குனிந்து நின்றது. இடது கையில் ஒரு டப்பா. வலது கை அதற்குள் போய் வந்து வீசியது. அந்த டப்பா எங்கள் வீட்டு அடுப்படி டப்பா. அதன் மூடி உடைந்ததற்கு நான்தான் திட்டு வாங்கினேன், அதனால் இருட்டிலும் எனக்குத் தெரியும்.

வண்டியிலிருந்து குதித்தேன். "அம்மா! என்ன பண்றே?"

அம்மா திடுக்கிட்டுத் திரும்பினாள். "ஏண்டி கத்தறே? வழுக்குதுன்னு ரெண்டு கை உப்பு போட்டேன்."

"எத்தனை நாளா?"

"பனி விழுந்ததுலேர்ந்து. பால் வாங்கப் போறப்ப போட்டுட்டுப் போறேன். அதுக்கு என்ன இப்ப?"

அந்த இடத்திலேயே வாய்க்கு வந்தபடி பேசினேன். உப்பு என்ன செய்யும், தரை போனால் என்ன ஆகும், யார் பிழைப்பில் கை வைத்திருக்கிறாய் என்று எல்லாவற்றையும் கொட்டினேன். அம்மா டப்பாவைக் கம்பளிக்குள் வைத்துக்கொண்டு, பால் வாங்காமலே வீட்டுக்குத் திரும்பிவிட்டாள்.

அண்ணியிடம் விஷயத்தைச் சொல்லிக் கூட்டி வந்து காட்டினேன். அண்ணி பிளாஸ்டிக் தள்ளுகட்டையால் மிச்ச உப்பையும் பனியையும் ஒதுக்கிவிட்டுக் குனிந்தாள். மேலே தரை அப்படியே இருந்தது. கீழே, சரிவு முடியும் இடத்தில், நாலைந்து கல் அகலத்துக்கு, அம்மை வடு போலச் சின்னச் சின்னப் பள்ளங்கள். அண்ணி விரலால் ஒவ்வொன்றாகத் தொட்டாள். பனி மூடியிருந்ததால் கவனிக்காமல் இருந்திருக்கிறாள். கண் கலங்கிவிட்டது.

"அத்தை எனக்காகவா போட்டாங்க?" என்றாள் திடீரென்று. உதட்டில் சிரிப்பு.

"உங்க பிழைப்புல மண்ணை அள்ளிப் போட்டிருக்காங்க, நீங்க சிரிக்கிறீங்க!"

"மண்ணைப் போட்டிருந்தாத்தான் பரவாயில்லையே பட்டாசு. உப்பைல்ல போட்டிருக்காங்க."

சொல்லிவிட்டு, அந்த உறைந்த தரையிலேயே உட்கார்ந்து, வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். கண்ணில் தண்ணீரும் நிற்கவில்லை. எனக்கும் சிரிப்பு வந்துவிட்டது. வேறு என்ன செய்ய?

வீட்டில் அண்ணன் ஒரு யோசனை சொன்னான். "சுத்தியல் சார் வர்றதுக்குள்ள அந்தப் பள்ளத்தையெல்லாம் கலர்ச் சாந்து வச்சு அடைச்சுடலாம். யாருக்கும் தெரியாது."

"எனக்குத் தெரியுமே" என்றாள் அண்ணி. "பூசினது அடுத்த குளிர்ல கழண்டு விழும். அதை எங்கிட்ட வேலைன்னு சொல்லாதே. அவர் பார்க்கட்டும். பார்த்துட்டு வேணாம்னா வேணாம்." பிறகு குரலைத் தாழ்த்தி, "அத்தை பேரு மட்டும் வெளிய வரக் கூடாது. வந்தா அவங்களால கடைத்தெருவுல தலைகாட்ட முடியாது. பட்டாசு, உன்னைத்தான் சொல்றேன்" என்றாள்.

எனக்கு அது பிடிக்கவில்லை. யாரோ செய்ததற்கு இவள் ஏன் பேர் கெட வேண்டும்? ஆனால் அவள் சொன்ன தோரணையில் நான் வாயைத் திறக்கவில்லை. அம்மா அறைக்குள் சுவரைப் பார்த்துப் படுத்திருந்தாள். உப்பு டப்பா அலமாரியின் மேல்தட்டுக்குப் போய்விட்டது. அதற்குப் பிறகு கொஞ்ச நாள் எங்கள் வீட்டில் சமையலில் உப்பே சரியாக இல்லை, அதைச் சொல்லவும் ஒருவருக்கும் தைரியம் வரவில்லை.

பனி முழுக்க உருகியதும் சுத்தியல் சார் வந்தார். கடைத்தெருவே கூடிவிட்டது. மேல் ஓரத்திலிருந்து மண்டியிட்டுத் தட்டிக்கொண்டே இறங்கினார். தோல் கழன்றிருந்தால் சத்தம் பொத்தென்று இருக்கும். ஒவ்வொரு தட்டுக்கும் தரை கணீரென்று பதில் சொன்னது. அன்றைக்குக் காற்றில் காய்ந்து, அண்ணன் தண்ணீர் தெளிக்கப் போன அந்த ஓரமும் கணீரென்றது. நான் மூச்சை எண்ணிக்கொண்டிருந்தேன். கடைசியில் சரிவின் அடிக்கு வந்து நின்றார்.

"இது என்னம்மா?"

கூட்டத்தில் யாரோ, "ஆரம்பிச்சிடுச்சுடா, பாம்பு சட்டையைக் கழட்டுது" என்றான். சிரிப்பு பரவியது. செருப்புக்கடைக்காரர் மட்டும் சிரிக்கவில்லை.

"உப்பு விழுந்திருக்கு சார்" என்றாள் அண்ணி.

"உப்பு போடக் கூடாதுன்னு நீதானேம்மா சொன்னே? யார் போட்டது?"

"யார் போட்டா என்ன சார். போட்டது போட்டதுதான். இங்க தோல் போயிருக்கு, நான் மறைக்கலை."

சாக்கு சொல்கிறாள் என்று முணுமுணுத்தார்கள். நான் பல்லைக் கடித்தேன். நான் முன்னால் ஒரு அடி வைப்பதற்குள், பின்னாலிருந்து, "வழி விடுங்கப்பா" என்று ஒரு குரல். அம்மா. வெளியே போகும்போது கட்டும் நல்ல புடவை. கையில் அந்த உப்பு டப்பா.

"நான்தான் போட்டேன்" என்று டப்பாவைச் சுத்தியல் சாரிடம் நீட்டினாள். "இதுலேர்ந்துதான் போட்டேன். தினமும் போட்டேன்."

அண்ணி, "அத்தை, நீங்க எதுக்கு…" என்று ஆரம்பித்தாள்.

"நீ சும்மா இரு." அம்மா சுத்தியல் சாரை விட்டுப் பார்வையை எடுக்கவில்லை. "இவ இந்தத் தரையைப் போட்டுட்டா. எவனாவது வழுக்கி விழுந்து கையைக் காலை உடைச்சுக்கிட்டா, பழி இவ தலையிலதான் விடியும். பழி வந்தா ரெண்டும் மூட்டையைக் கட்டிக்கிட்டு இறங்கிடும். அப்புறம் என்னை யாரு பார்த்துப்பா? இதோ நிக்கறாளே, இந்தப் பட்டாசா? அதான் போட்டேன். உப்பு ஆகாதுன்னு எங்கிட்ட ஒருத்தரும் சொல்லலை. நானும் கேக்கலை. தப்பு என்னுது. தரை மேல தப்பு இல்லை."

எல்லாரும் என்னைப் பார்த்துச் சிரித்தார்கள். சிரித்துவிட்டுப் போகட்டும். ஊரில் யாரிடமும் எதற்கும் தப்பென்று ஒத்துக்கொள்ளாத பொம்பளை என் அம்மா.

சுத்தியல் சார் டப்பாவை வாங்கி உள்ளே பார்த்தார். பிறகு பள்ளம் விழுந்த இடத்தில் மண்டியிட்டார். தட்டினார். கணீர். கொஞ்சம் தள்ளித் தட்டினார். கணீர். ஒரு பள்ளத்துக்குள் நகத்தை விட்டுச் சுரண்டினார். ஒன்றும் உதிரவில்லை. அப்படியே குந்தி உட்கார்ந்து யோசித்தார். அந்த நேரத்தில் அண்ணியின் கையை அம்மா பிடித்திருந்தாளா, அம்மாவின் கையை அண்ணி பிடித்திருந்தாளா என்று எனக்குத் தெரியாது. பிடித்திருந்தார்கள்.

"தினமுமா போட்டீங்க?" என்றார்.

"ஒரு நாள் விடலை."

"பஸ் ஸ்டாண்டுத் தரைக்கு யாரும் ஒரு பொட்டு உப்பு போடலை. அது முழுசா உரிஞ்சுது" என்று கூட்டத்தைப் பார்த்துச் சொன்னார். "இதுக்குப் பண்ணக் கூடாத கொடுமையெல்லாம் பண்ணியிருக்காங்க. கையளவு இடத்துல மேல மட்டும் பொரிஞ்சிருக்கு, உள்ள இரும்பாட்டம் இருக்கு. நான் ஒரு குளிர்தான் வச்சுப் பார்க்க நினைச்சேன். இந்தம்மா அதைவிடப் பெரிய பரீட்சை வச்சிட்டாங்க. கடைத்தெரு முழுக்கப் போட்டா, இவங்களை மாதிரி நல்ல மனசுக்காரங்க வாசலுக்கு ஒருத்தர் இருக்கத்தானே செய்வாங்க?"

எழுந்து முழங்காலைத் தட்டிக்கொண்டு, "எப்பம்மா ஆரம்பிக்கறே?" என்றார் அண்ணியிடம்.

அண்ணி வாயைத் திறப்பதற்குள் அண்ணன், "நாளைக்கே சார்" என்று உளறினான். செருப்புக்கடைக்காரர் கை தட்டினார். நான் பொதுவாக அழுகிற ஆள் இல்லை. லாரிக்குப் பக்கத்தில் போய், சக்கரத்தைப் பார்க்கிற மாதிரி குனிந்து அழுதுவிட்டு வந்தேன்.

கடைத்தெரு முழுக்க அந்தக் கோடையில் போட்டார்கள். அத்தனை லோடும் நான்தான் கொண்டுபோனேன். அண்ணி ஒவ்வொரு லோடுக்கும் குண்டானை எடுத்தாள், முள்ளைப் பார்த்தாள். ஒரு தடவைகூட என்னை நம்பி அப்படியே இறக்கச் சொல்லவில்லை. எனக்கு அதில் வருத்தம் இல்லை, பெருமைதான். வேலை முடிந்த தெருவில் முதல் மழை பெய்தபோது போய் நின்று பார்த்தேன். ஒரு சொட்டுத் தண்ணீர் எங்கேயும் தேங்கவில்லை. தெரு முழுக்கப் பாறை பதித்த மாதிரி, ஒரு கல் இன்னொரு கல்லைப் போல இல்லாமல், நனைந்து கருத்துக் கிடந்தது. இப்படி ஒன்றைக் கையால் செய்ய முடிந்தவள் என் வீட்டில் சோறு வடித்துக்கொண்டிருக்கிறாள் என்று நினைத்துக்கொண்டேன்.

உப்பு விழுந்த இடத்தை வெட்டி எடுத்துப் புதுசாகப் போட வேண்டும் என்று அண்ணிக்கு ஆசை. அவளால் ஒரு வடுவைப் பார்த்துக்கொண்டிருக்க முடியாது. அம்மா விடவில்லை. "அதுல கை வைக்காதே. அது என்னுது" என்று சொல்லிவிட்டாள்.

அடுத்த குளிர் வந்தபோது அம்மா கையில் மணல் வாளி இருந்தது. விடிந்ததும் கடை கடையாகப் போவாள். எவன் வாசலில் உப்பு மூட்டை தெரிந்தாலும் அவன் தொலைந்தான். கையைப் பிடித்துத் தரதரவென்று இழுத்துக்கொண்டு போய், சரிவின் அடியில் நிறுத்தி, அந்தப் பள்ளங்களைக் காட்டுவாள்.

"நல்லாப் பாரு. உப்பு போட்டா இப்படித்தான் ஆகும். இது நான் பண்ணது." பிறகு கையை அகல விரித்து, மேலே கண்ணுக்கு எட்டிய தெரு முழுக்கக் காட்டுவாள். "அது என் மருமக பண்ணது."